ஒன்றும் தெரியாமல் வந்தவர்களா?

பிரெஞ்சு சினிமாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடுகிறது. "அவங்கள்ல பாதிப் பேர் ஃபிலிம் ஸ்கூல் பக்கமே போனதில்ல சார். யாருகிட்டயும் அசிஸ்டெண்டாவும் இருந்ததில்ல. ஒண்ணும் தெரியாம வந்தாங்க, அதனாலதான் புதுசா எடுக்க முடிஞ்சுது." நண்பர்கள் சிலர் சேர்ந்து பிரெஞ்சு இயக்குநர் அன்யேஸ் வர்தாவின் முதல் படமான 'லா புவாந்த் கூர்த்'தைப் பார்த்த ஒரு மாலையில், பல வருடங்களாக உதவி இயக்குநராக அலைந்துகொண்டிருக்கும் தம்பி ஒருவர் இதைச் சொன்னார். குரலில் அவ்வளவு ஏக்கம். கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அதன் பிறகு எந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தாலும் அந்த வாக்கியம் குறுக்கே வந்து நின்றது. வர்தாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? மெல்வில்லுக்கு? இருபது வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு நாற்பதைத் தாண்டி வந்த பியாலாவுக்கு? பாராட்டு மாதிரி தெரிகிற இந்தப் பேச்சு அவர்களுடைய உழைப்பின் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைவிடவும், இதை நம்பிக் காத்திருக்கும் இளைஞர்களிடம் தவறான ஒன்றைக் கொடுத்துவிடுகிறது.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் திரையுலகம் எவ்வளவு இறுக்கமானது என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். 1946-இல் தேசிய சினிமா மையம், அதாவது சிஎன்சி, உருவானது. படம் இயக்க தொழில் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் இத்தனை படங்களில் உதவியாளராக இருந்திருக்க வேண்டும். படிப்படியாகத்தான் ஏறி வரவேண்டும். கோடம்பாக்கத்தில் வருடங்களைக் கழித்தவர்களுக்கு இந்த ஏணியை விளக்க வேண்டியதில்லை. அங்கே அது சட்டமாகவும் தொழிற்சங்க விதியாகவும் இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஏணி வழியாகவே வந்து நல்ல படம் எடுத்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் இன்றைக்கும் நாம் தேடிப் பார்க்கிறவர்களில் பலர் பக்கவாட்டில் நுழைந்தவர்கள்.

பக்கவாட்டில் நுழைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ழான்-பியேர் மெல்வில். போருக்கு முந்தைய பெயர் க்ரும்பாக். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய எதிர்ப்பியக்கத்தில் இருந்தபோது ஹெர்மன் மெல்வில் என்ற அமெரிக்க நாவலாசிரியரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். 1947-இல் அட்டையும் இல்லை, சங்கத்தின் சம்மதமும் இல்லை. வெர்கோர் எழுதிய 'கடலின் மௌனம்' கதையைப் படமாக்கும் உரிமைகூட இல்லை. எழுத்தாளர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆக்கிரமிப்புக் காலத்தில் ரகசியமாக அச்சிட்டுக் கைமாறிய அந்தக் கதை தேசத்தின் சொத்து, அதை ஒரு படக்காரனிடம் எப்படிக் கொடுப்பது என்ற தயக்கம். மெல்வில் ஒரு வாக்குக் கொடுத்தார்: படம் முடிந்ததும் எதிர்ப்பியக்கத்தில் இருந்த 24 பேருக்குப் போட்டுக் காட்டுகிறேன், அவர்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நெகட்டிவைக் கொளுத்திவிடுகிறேன். கடைசியில் வெர்கோரின் சொந்த வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. 1949-இல் படம் வெளியானது.

இதைச் சாகசக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். படத்தைப் பாருங்கள். தங்கள் வீட்டில் தங்கவைக்கப்பட்ட ஜெர்மானிய அதிகாரியிடம் ஒரு பெரியவரும் அவருடைய அண்ணன் மகளும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவர் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். கடிகாரம் ஓடுகிறது, கணப்பில் தீ எரிகிறது. வாய் திறக்காமல் இருப்பதன் எடை என்னவென்று தெரியாதவரால் இந்தக் காட்சிகளின் நீளத்தைத் தீர்மானித்திருக்கவே முடியாது. சிறுவயதிலேயே கையில் சின்ன பாத்தே கேமரா வைத்துக்கொண்டு விளையாடியவர், பைத்தியம்போலப் படம் பார்த்தவர், பிறகு பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர். அட்டை இல்லை என்பது உண்மை. ஒன்றும் தெரியாது என்பது உண்மையில்லை.

செத் நகரத்துச் சந்துகள்

வர்தாவுக்கு வருகிறேன். அவர் பிறந்தது 1928-இல், பிரஸ்ஸல்ஸில். போர்க்காலத்தில் குடும்பம் தெற்கே செத் என்ற துறைமுக ஊருக்கு ஓடிவந்து, கரையில் கட்டிய படகில் குடியிருந்தது. பிறகு பாரிஸில் லூவ்ர் பள்ளியில் கலை வரலாறு, அதோடு புகைப்படத் தொழில். ழான் விலார் நடத்திய தேசிய மக்கள் நாடக அரங்கின் புகைப்படக்காரராகப் பல வருடங்கள். இருபத்தைந்து வயதுவரை தான் பார்த்த படங்கள் மிகக் குறைவு என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். "ஒண்ணும் தெரியாம வந்தாங்க" என்ற வாக்கியத்துக்கு மூலமும் அந்தப் பேட்டிகள்தான்.

1954 கோடையில் செத்துக்குத் திரும்பிப் போய், அங்கே புவாந்த் கூர்த் என்ற மீனவர் குடியிருப்பில் படத்தை எடுத்தார். நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் சம்பளம் வாங்கவில்லை. கூட்டுறவு மாதிரி ஆளுக்கொரு பங்கு, பணம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. வழக்கமான ஒரு படத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆனது. சிஎன்சி அனுமதி இல்லாததால் முறையான விநியோகமும் கிடைக்கவில்லை. கான் திரைப்பட விழாச் சமயத்தில் தனியாக ஒரு அரங்கிலும், பிறகு 1956-இல் பாரிஸில் ஒரு சின்ன அரங்கிலும் காட்டப்பட்டது.

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது பின்னால் தெரிவது மரத்தின் ரேகைகள். மிக அருகில், நார் நாராக. அதிலிருந்து கேமரா விலகி ஒரு சந்துக்குள் நகர்கிறது. கொடிகளில் துணி காற்றில் உப்பி ஆடுகிறது. தோ ஏரியில் எடுக்கக் கூடாத இடத்தில் சிப்பி எடுக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். ஊர் முழுக்கச் செய்தி பரவுகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஊரில் பிறந்த ஒருவனும் பாரிஸிலிருந்து வந்த அவன் மனைவியும் சேர்ந்திருப்பதா பிரிவதா என்று பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இரண்டு கதைகளும் மாறி மாறி வருகின்றன, ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அவனுக்கு மரம், அவளுக்கு இரும்பு என்று வர்தா முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார். அவன் படகு கட்டுகிறவரின் மகன், அவள் ரயிலில் வந்து இறங்கியவள். ஒரு ஷாட்டில் ஒருவர் முகம் நேராகவும் இன்னொருவர் முகம் பக்கவாட்டிலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கிறது. இரண்டு பேர், ஒரே முகம்போல. பத்து வருடம் கழித்துச் சினிமா ரசிகர்கள் வேறு இயக்குநர்களிடம் கண்டு வியந்த அமைப்பு இது.

இரு கதைகளை மாறி மாறிச் சொல்லும் யோசனை அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 'தி வைல்ட் பாம்ஸ்' நாவலிலிருந்து வந்தது. முகங்களை அடுக்கும் கண் ஓவியங்களைப் படித்த கண். கணவனாக நடித்த ஃபிலிப் நுவாரேயும் மனைவியாக நடித்த சில்வியா மோன்ஃபோரும் விலாரின் அரங்கில் அவர் தினமும் பார்த்துப் படம் எடுத்த நடிகர்கள். விலாரின் மேடையில் ஜோடனை குறைவு. ஒளியும் உடலும்தான் இருக்கும். அந்த மேடையை வருடக்கணக்கில் ஒரு சட்டகத்துக்குள் அடக்கிப் பழகியவருக்கு, ஒரு மனிதன் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது கைப்பழக்கம். ஊரும் தெரிந்த ஊர். இந்தப் பெண்ணுக்கா ஒன்றும் தெரியாது?

படத்தொகுப்பு அறையில்

இதற்கு நேர் எதிரான சாட்சி என்று எல்லோரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. படம் எடுத்தாயிற்று, தொகுக்க ஆள் வேண்டும். அலென் ரெனேவைக் கேட்டார். அவர் அப்போது குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், இடெக் என்ற திரைப்படப் பள்ளியின் முதல் அணி மாணவர். முதலில் தயங்கினார், வர்தா தேடுவதும் தான் தேடுவதும் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன என்பதே காரணம். பிறகு வந்தார். சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்தார். துண்டுகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது, இந்த ஷாட் இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்தியின் 'லா தெர்ரா த்ரேமா'வை நினைவூட்டுகிறது என்பாராம். விஸ்கோன்தி யார் என்று வர்தா கேட்பாராம். இன்னொரு நாள் இன்னொரு இத்தாலியர், அன்தோனியோனி. அவர் யார்? கடைசியில் பாரிஸில் சினிமாதெக் என்று பழைய படங்களைச் சேமித்துக் காட்டும் ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய்ப் படம் பார் என்று ரெனே சொல்லி அனுப்பினார். வர்தா இதைச் சிரித்துக்கொண்டே பல முறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு எல்லாம் திரும்பியது இந்த இடத்தில்தான். வர்தாவின் அறியாமைக்குச் சான்றாக இந்தக் கதையை நான் பல முறை கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த மாலைக்குப் பிறகு மறுபடி யோசித்தபோது கண்ணில் பட்டது ரெனேயின் பக்கம். பள்ளியில் படத்தொகுப்பு படித்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். எது எதைப் போல இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது இல்லாமல் அந்தப் படம் இந்த வடிவத்துக்கு வந்திருக்காது. ஏணிக்கு வெளியே இருந்து வந்தவரின் முதல் படம், ஏணியைத் தெரிந்தவரின் கை பட்டு முடிந்தது. அதோடு, எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று சொன்னதும் வர்தா கிளம்பிப் போனார். தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவர் நினைத்திருந்தால் சினிமாதெக்கின் பக்கமே போயிருக்கமாட்டார். அவரிடம் விஸ்கோன்தி இல்லை. ஃபாக்னர் இருந்தார், விலார் இருந்தார், செத்தின் சந்துகள் இருந்தன. பிறகு விஸ்கோன்தியும் வந்து சேர்ந்தார்.

இயக்குநர் த்ரூஃபோவின் கதையும் இப்படித்தான் பாதியாகச் சொல்லப்படுகிறது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர், ராணுவத்திலிருந்து ஓடியவர், 1958-இல் கான் விழாவுக்குள் விடப்படாமல் அடுத்த வருடம் அதே விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர். எல்லாம் உண்மை. விமர்சகர் ஆந்த்ரே பாசான் அவரை மீட்டுத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும், த்ரூஃபோவின் மாமனார் இக்னாஸ் மோர்கென்ஸ்டர்ன் பெரிய விநியோகஸ்தர் என்பதும், முதல் படத்துக்கு அவர் கைகொடுத்ததும் அதே அளவுக்கு உண்மை. அவருடைய சகா, இயக்குநர் ஷப்ரோலின் முதல் படத்துக்குப் பணம் அவர் மனைவிக்கு வந்த பரம்பரைச் சொத்து. இவற்றைச் சொல்வதால் அவர்கள் சிறுத்துவிடுவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் சென்னையில் அறை வாடகைக்குத் திண்டாடும் ஒருவர், தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று தன்னையே குறைசொல்லிக்கொள்வார்.

கையோடு வந்த தொழில்

அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவரும் வேறு மாதிரி தெரிந்தார்கள். கதைப் படம் எடுத்த முதல் ஆட்களில் ஒருவரே அப்படித்தான். அலிஸ் கீ, கோமோன் நிறுவனத்தில் சுருக்கெழுத்து, தட்டச்சு பார்த்த செயலாளர். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் சினிமாக் கருவியைக் காட்டிய செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கருவியை வைத்துக் கதை எடுத்துப் பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டார். அலுவலக வேலை கெடாமல் இருந்தால் சரி என்று அனுமதி கிடைத்தது. கேமரா விற்கிற கம்பெனியில் எல்லாக் கடிதங்களும் எல்லாப் பேச்சுவார்த்தைகளும் அவர் கை வழியாகத்தான் போயின. அந்தக் கருவியைப் பற்றி அன்றைக்கு உலகத்தில் அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் சொற்பம். சில வருடங்களில் கோமோனின் மொத்தப் படத் தயாரிப்பும் அவர் பொறுப்புக்கு வந்தது.

ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ், முதலில் பாலமும் சாலையும் போடும் பொறியாளர். 1941-இல் நைஜரில் சாலை போடப் போனார். வேலை நடக்கிற இடத்தில் இடி விழுந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்காக நடந்த சடங்கை உடன் வேலை செய்த தமூரே ஜிகா வழியாகப் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. போருக்குப் பிறகு ஒரு பழைய பதினாறு எம்எம் பெல் அண்ட் ஹவல் கேமராவோடு நைஜர் ஆற்றில் இறங்கினார். வழியில் முக்காலியை ஆறு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து கையிலேயே கேமரா. சாவி கொடுத்து ஓடும் அந்தக் கேமரா ஒரு முறைக்கு அரை நிமிடம்கூடத் தாங்காது. ஒவ்வொரு ஷாட்டையும் அந்த அளவுக்குள் நினைத்துப் பழக வேண்டும். முக்காலி போன கதையை விபத்து தந்த வரமாகச் சொல்வார்கள். 1960-இல் பாரிஸ் தெருக்களில் 'ஒரு கோடையின் வரலாறு' படத்தை எடுக்கும்போது, ஒலியோடு சேர்ந்து ஓடும் கைக் கேமராவின் மாதிரிக் கருவியை எடுத்துக்கொண்டு, அதை உருவாக்கிய ஆந்த்ரே கூதானிடம் இதைச் சரிசெய், அதை மாற்று என்று படப்பிடிப்பு நடக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு பொறியாளர். பாலம் கட்டியவருக்குக் கருவி என்பது கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் சமாசாரமில்லை.

ப்ரூனோ துமோன் வடக்கே பையோல் ஊர்க்காரர், தத்துவ ஆசிரியர். படப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் தொழிற்சாலைகளுக்கு விளம்பர, விளக்கப் படங்கள் எடுத்தார்: இயந்திரங்கள், பொருட்கள், கூடங்கள். 1997-இல் முதல் படம் வந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. இரண்டாவது படமான 'லுமானிதே'யில் நடித்த, அதற்குமுன் நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத இருவருக்கும் 1999 கான் விழாவில் நடிப்பு விருது. ஒரு இயந்திரத்தின் முன்னால் கேமராவை வைத்து, அது தன் வேலையைச் செய்வதைப் பொறுமையாகப் பார்க்கக் கற்றவரின் பார்வை அந்த முகங்களின் மேல் இருக்கிறது. அவற்றிடமிருந்து எதையும் கறக்க அவர் அவசரப்படுவதில்லை.

தோமா லில்தி மருத்துவர். அவருடைய 'ஹிப்போக்ராத்' படத்தில் இரவுப் பணி அறை, சாப்பாட்டுக்கூடம், சுவரெங்கும் கிறுக்கல்கள் எல்லாம் வெளியாள் எட்டிப்பார்த்து எழுதியவையாகத் தெரியாது. 2020-இல் கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றபோது அவர் மறுபடி மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார்.

இவர்கள் எல்லோரையும்விட என்னைத் தொந்தரவு செய்தவர் மொரிஸ் பியாலா. அவரை இந்த மகிழ்ச்சியான வரிசையில் சேர்க்க முடியவில்லை. 1925-இல் பிறந்தவர், ஓவியனாக ஆசைப்பட்டுக் கலைப் பள்ளியில் படித்தார். ஓவியம் சோறு போடவில்லை. ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரங்களை விற்றார். கையில் கிடைத்த கேமராவில் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். 1960-இல் பாரிஸின் புறநகர் வாழ்க்கை பற்றி 'லாமூர் எக்சிஸ்த்' என்ற குறும்படம். அதற்குள் தன்னைவிட ஏழு வயது இளைய த்ரூஃபோ உலகப் புகழ் பெற்றுவிட்டார். பியாலாவின் முதல் முழுநீளப் படமான 'லாஃபான்ஸ் நூ' எடுக்கப்பட்டது 1968-இல்; வயது 43. தயாரிப்பில் கைகொடுத்தவர்களில் த்ரூஃபோவும் ஒருவர். பார்க்க ஆட்கள் வரவில்லை. வீடு வீடாக மாற்றப்படும் வளர்ப்புப் பிள்ளை ஒருவனின் கதை அது. அவனை ஏற்றுக்கொள்ளும் வயதான தம்பதியாக வருகிறவர்கள் நிஜத்திலும் வளர்ப்புப் பெற்றோராக வாழ்ந்தவர்கள். அந்தக் கிழவர் தன் இளமையைப் பற்றிச் சொல்லும்போது நடிப்பு எங்கே முடிகிறது என்று தேடத் தோன்றாது.

அந்தக் காத்திருப்பைப் பியாலா ஒருபோதும் கொண்டாடவில்லை. தாமதமாக வந்த கசப்பு அவரை விட்டுப் போகவில்லை. த்ரூஃபோ, ஷப்ரோல் போன்ற புதிய அலைக்காரர்கள் மேல் இருந்த கோபமும் போகவில்லை. 1987-இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை வாங்க மேடை ஏறியபோது அரங்கில் கூச்சல். உங்களுக்கு என்னைப் பிடிக்காவிட்டால் எனக்கும் உங்களைப் பிடிக்காது என்று கையை உயர்த்திச் சொன்னார். வழக்கமில்லாத பாதையில் வந்தவர்களைப் பற்றி உற்சாகமாகப் பேசும் யாரும் அந்தப் பாதையில் நடந்தவரிடம் கேட்க வேண்டும். வீணாய்ப்போன வருடங்கள் வீணாய்ப்போனவைதான் என்று பியாலா சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் படங்களில் சாப்பாட்டு மேசையில் சட்டென வெடிக்கும் சண்டையைப் பார்க்கும்போது, இருபத்தைந்து வயதில் இதை எடுத்திருக்க முடியாது என்றும் தோன்றுகிறது. இந்த இரண்டில் எது சரி என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

மோன்ஃபெர்மேய்

இன்றைய ஆட்களில் லாஜ் லீயை எடுத்துக்கொள்கிறேன். பாரிஸுக்குக் கிழக்கே மோன்ஃபெர்மேயின் குடியிருப்புகளில் வளர்ந்தவர், பெற்றோர் மாலியிலிருந்து வந்தவர்கள். கிம் ஷாபிரோன், ரோமென் கவ்ராஸ் போன்ற நண்பர்களோடு கூர்த்ரஜ்மே என்ற கூட்டத்தில் சேர்ந்து சிறுவயதிலேயே படம் எடுக்க ஆரம்பித்தார். ஜேஆர் என்ற புகைப்படக்காரர் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றில், கேமராவைத் துப்பாக்கிபோல நம்மை நோக்கிப் பிடித்திருப்பவர் இவர்தான். அதே ஜேஆர்தான் பின்னால் வர்தாவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் 2017-இல் வந்த ஆவணப்படத்தை எடுத்தவர். காவலர்கள் தெருவுக்கு வந்தால் லீ கேமராவோடு இறங்கிவிடுவார். 2008-இல் அவர் பதிவு செய்த ஒரு அடிதடியால் காவலர்கள் மேல் விசாரணையே நடந்தது. பாரிஸ் புறநகர்களில் வெடித்த 2005 கலவரத்தை உள்ளிருந்து எடுத்துப் படமாக்கினார். பிறகு 2019-இல் 'லே மிசெராப்ல்', கானில் ஜூரி விருது. அந்தப் படத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டு எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் சிறுவனாக நடித்தது அவருடைய மகன்.

பள்ளிக்குப் போகாமல் தெருவில் கற்றவர் என்று லீயை உதாரணம் காட்டாத கட்டுரை இல்லை. அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே, 2018-இல், அவர் செய்த காரியம் ஒரு பள்ளி ஆரம்பித்தது. கூர்த்ரஜ்மே பள்ளி. கட்டணம் இல்லை, பட்டம் கேட்பதில்லை, இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அங்கே திரைக்கதை எழுதவும் இயக்கவும் சொல்லித்தருகிறார்கள், தொழிலில் இருப்பவர்கள் வந்து வகுப்பு எடுக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வா, அதுதான் உன் பலம் என்று லீ அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்கள் வளர்ந்த தெருவைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதோடு, தனக்குத் தட்டுத்தடுமாறிப் பல வருடங்கள் ஆகியதை மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.